மூப்பர் வீட்டு ராசிக் கருப்பட்டி

ஒரு ஊரு இருந்துச்சு. ஊருன்னா பெரிய ஊரு கிடையாது, இந்தக் கோடியில கருவாடு சுட்டா அந்தக் கோடியில இருக்கவனுக்குப் பசிக்கும், அம்புட்டுத்தான் ஊரு. பேரு யோர்தான்விளை. யோர்தான்னு பேரு வச்சாங்களே தவிர அங்க ஆறும் இல்ல ஓடையும் இல்ல, சுத்திச் செம்மணல் தேரி, தேரி நெறைய பனமரம், நடுவுல ஒரு வெள்ளைக் கோயில். மணியடிச்சு ஞாயித்துக்கெழம ஆராதனை நடத்துற கோயில், ஊரு பூரா வேதக்காரங்க. ஏலே, மிட்டாய் டப்பாவ உருட்டாம, தங்கச்சிக்கு எடம் விட்டுக் கால மடக்கி ஒழுங்காப் படு. "ம்" கொட்டிக்கிட்டே கேக்கணும், "ம்" நின்னா கதையும் நின்னுரும், சொல்லிட்டேன்.

அந்த ஊர்ல சுவிசேஷமுத்து மூப்பர்னு ஒருத்தர் இருந்தாரு. மூப்பர்னா சபைக்குப் பெரியவரு, ஐயருக்கு அடுத்தபடி அவருதான். நம்ம பக்கத்துல பாதிரியாரத்தான ஐயர்னு சொல்லுவோம், அந்த ஐயரு. மூப்பரு கோயில்ல முத வரிசையில உக்காந்துக்கிட்டு, பாட்டுல யாரு ராகம் தப்புதான்னு திரும்பித் திரும்பிப் பாப்பாரு, ஜெபத்துல யாரு கண்ணத் திறந்திருக்கான்னு கண்ணத் திறந்து பாப்பாரு. அப்பேர்ப்பட்ட பக்திமான்.

ஒரு ஞாயித்துக்கெழம ஐயரு பிரசங்கத்துல கன்னுக்குட்டி கதையச் சொன்னாரு. மோசே மலைக்கு மேல ஏறிப் போயிட்டாரு, எறங்கி வரக் காணோம், கீழ இருந்த சனம் பொறுக்க மாட்டாம காதுல கெடந்த தோட்டையெல்லாம் கழட்டி உருக்கி ஒரு கன்னுக்குட்டி பண்ணி, அதச் சுத்தி ஆடிச்சு. மோசே வந்து பாத்தாரு, கோவம்னா கோவம் அப்பேர்ப்பட்ட கோவம், அத எரிச்சு, பொடியா அரைச்சு, தண்ணியில கலந்து, ஆடின அத்தன பேரையும் குடிக்க வச்சாரு. "அந்தக் காலத்துச் சட்டத்துல ஆட்டத் திருடுனவன் ஒண்ணுக்கு நாலாக் குடுத்துட்டுத் தப்பிச்சிரலாம், விக்கிரகத்தக் கும்பிட்டவனுக்குத் தப்ப வழியே கிடையாது, ஊரே கூடிக் கல்லெறியும்"னாரு ஐயரு. "ஏன் அம்புட்டுக் கடுமை? கட்டுனவ வீட்ல இருக்கையில இன்னொருத்திக்குப் பூ வாங்கிக் குடுத்தா அவ சும்மா விடுவாளா? ஆண்டவருக்கும் அந்த ரோசம் உண்டு"ன்னாரு. பொம்பளையாள்க பக்கம் உக்காந்திருந்த அன்னப்பழம், அதான் மூப்பரு பொண்டாட்டி, புருசனை ஒரு பார்வ பாத்தா. மூப்பரு ஐயரைப் பாத்துத் தலையாட்டிக்கிட்டு இருந்தாரு.

அன்னப்பழம் ஏன் பாத்தான்னு கேக்கணும்லா நீ? கேக்க மாட்ட, நானே சொல்லுதேன். அது ஊருக்குத் தெரியாது, அன்னப்பழத்துக்கு மட்டும் தெரியும், இனி உனக்கும் தெரியும், வெளியில சொல்லிராத.

மூப்பரு சின்ன வயசுல சொந்தமா ஒரு பனவிளை, அதான் பனந்தோப்பு, ஆகி, முதல் முதல்ல பதனி எறக்கி, அன்னப்பழம் அத அடுப்புல வச்சுக் காய்ச்சி, பதம் வந்ததும் தேங்கா ஓட்டுல, சிரட்டை சிரட்டையா ஊத்தி வச்சா. அந்த ஊரு வழக்கம் என்னன்னா, வருசத்துல முதக் கருப்பட்டி கோயிலுக்கு. அதக் கொண்டுபோயி ஆண்டவர் முன்னால வச்ச பெறகுதான் மத்தத நாக்குல வைக்கணும். சரின்னு மூப்பரு சிரட்டையக் கவுத்தித் தட்டுதாரு. விழுந்துச்சு பாரு ஒரு கருப்பட்டி! கீறல் இல்ல, பொக்கு இல்ல, எண்ணெ தடவினாப்ல மினுமினுன்னு கெடக்கு. குனிஞ்சு பாத்தா அதுக்குள்ள அவரு முகம் தெரியுது. மீசையும் தெரியுது. அடேயப்பா, இதப் போயி எப்பிடிக் குடுக்க? ஆண்டவரு என்ன, காப்பி போட்டா குடிக்கப் போறாரு, ரெண்டாவது கருப்பட்டி போதாதான்னு, அடுத்த சிரட்டையத் தட்டி அதக் கொண்டுபோயிக் கோயில்ல வச்சாரு. இத வீட்ல வச்சுக்கிட்டாரு.

அந்த வருசம் பதனி ஒண்ணுக்கு ரெண்டாக் கொட்டிச்சு. மழை நல்லாப் பேஞ்சிருந்துச்சு, அதனால கொட்டிச்சு. ஆனா மூப்பரு என்ன நெனைச்சாரு? "எல்லாம் நம்ம கருப்பட்டி ராசி"ன்னு நெனைச்சாரு. அப்புறம் அன்னப்பழம் ஆசையா வச்சிருந்த செவப்புப் பட்டுத் துணிய எடுத்து அதுல பொதிஞ்சு, ஓலையில முடைஞ்ச சின்னக் கொட்டான்ல வச்சு, உள்ளறையில மாடத்துல ஏத்திட்டாரு. அன்னையில இருந்து காலையில எந்திரிச்சா முத வேலை, கொட்டானத் திறந்து ஒரு பார்வ, அப்புறம் கண்ணுல ஒத்தி ஒரு கும்பிடு, அப்புறம் "வாரேன்"னு ஒரு வார்த்த, அதுக்கப்புறந்தான் முழங்கால் போட்டு ஆண்டவருக்கு ஜெபம். மழை பேஞ்சா இளகிருமேன்னு பக்கத்துல தணல் போட்டுக் காவல் இருப்பாரு. வருசம் போகப் போக அது லேசாயிட்டே வந்துச்சு, "நல்லாக் காயுது"ன்னு அதுக்கும் சந்தோசப்பட்டுக்கிட்டாரு.

"இஞ்சேருங்க, என் முகத்த ஒரு நாளாவது இப்பிடிப் பாத்து வாரேன்னு சொல்லியிருக்கியளா?"ன்னு அன்னப்பழம் கேப்பா.

"போடி, அது கருப்பட்டி, நீ பொண்டாட்டி"ம்பாரு.

"கருப்பட்டி இல்ல, எனக்கு வந்த சக்களத்தி"ன்னு அவ சொல்லிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருவா. சக்களத்தின்னா தெரியும்லா, ஒரே புருசனுக்கு ரெண்டாவதா வாரவ.

இப்ப மூப்பரு விளைக்கு அடுத்த விளை வேதக்கனியோடது. வேதக்கனி புருசன் பனையேறி, நல்ல மனுசன், காய்ச்சல்ல போயிட்டான். அவ கூடப் பொறந்த தம்பி வந்து மரமேறிக் குடுப்பான், இவ காய்ச்சி எடுப்பா, அதுல அவளும் மக லேயாளும் கஞ்சி குடிச்சாங்க. அந்த வருசம் பாரு, வேதக்கனி விளையில பதனி நொரைச்சுக்கிட்டு எறங்குது, மூப்பரு விளையில மரத்துல கட்டுன முட்டிப்பானை பாதிதான் நெறையுது. மூப்பருக்குச் சோறு எறங்கல. "எங்கிட்ட ராசிக் கருப்பட்டி இருக்கு, எனக்கே இம்புட்டுத்தான். அவளுக்கு எப்பிடி அம்புட்டு? அப்போ அவ இதவிடப் பெருசா ஏதோ ஒண்ண வீட்ல ஒளிச்சு வச்சுக் கும்பிடுதா!" பாத்தியா அவரு புத்தி போன வழிய? தன் வீட்டு மாடத்தப் பாத்து அடுத்தவ வீட்டச் சந்தேகப்படுதாரு.

உடனே சபையக் கூட்டினாரு. "ஐயரே, நம்ம சபையில யாரு வீட்லயாவது விக்கிரகம் இருந்தா மோசே செஞ்சதச் செய்யணும், எரிச்சுப் பொடிச்சுத் தண்ணியில கலந்து எல்லார் முன்னாலயும் குடிக்கணும், அதுவரைக்கும் அந்த வீட்டுக்குக் கோயில்ல கலியாணம் காட்சி கிடையாது, சட்டம் போடுங்க"ன்னாரு. ஐயரு நல்லவரு, கொஞ்சம் பயந்தவரு. "நம்ம சபையில யாரு வீட்ல மூப்பரே இருக்கப் போவுது, சரி போட்டுக்கிடுங்க"ன்னுட்டாரு. சட்டம் ஆயிப்போச்சு.

அந்தச் சமயம் பாத்து லேயாளுக்குக் கலியாணம் கூடிச்சு. மாப்பிள்ள எலியேசரு, கொழும்புல கடையில இருக்கவன், லீவுல வந்திருக்கான். நம்ம கோயில்ல ஓலை வாசிக்கணும்லா? இன்னாரு மகளுக்கும் இன்னாரு மகனுக்கும் கலியாணம், தடை இருந்தா எந்திரிச்சுச் சொல்லுங்கன்னு மூணு ஞாயித்துக்கெழம வாசிக்கணும். மூணும் தடையில்லாம முடிஞ்சாத்தான் கலியாணம். அப்போ ஐப்பசி கார்த்திகை மழை. மூணாவது ஓலை முடிஞ்ச கையோட கலியாணத்த முடிக்கணும், ஏன்னா அதுக்குப் பெறகு கிறிஸ்மசுக்கு முந்தின ஆகமன நாளு வந்துரும், அப்போ கோயில்ல கலியாணம் வைக்க மாட்டாங்க, மாப்பிள்ளையும் கப்பலேறிருவான். மாப்பிள்ளையோட அம்மா வேற கறாரான பொம்பள. "ஓலையில ஒரு சொல்லு விழுந்தாலும் எங்களுக்கு இந்தப் பொண்ணு வேண்டாம்"னு முன்கூட்டியே சொல்லிட்டா. வேதக்கனி ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையா எண்ணிக்கிட்டு இருந்தா.

முதல் ஓலை வந்துச்சு. ஐயரு வாசிச்சாரு, "தடை உண்டானால் அறிவிக்க வேண்டும்"னாரு. மூப்பரு எந்திரிச்சாரு, இருமினாரு, "தடை இருக்கு"ன்னாரு.

"என்ன தடை மூப்பரே?"

"வேதக்கனி வீட்ல விக்கிரகம் இருக்கு. சாயங்காலம் ஆனா மூலையப் பாத்துத் தலை தரையில முட்டக் கும்பிடுதா. நான் வேலி வழியாக் கண்ணால பாத்தேன்."

"வேலி வழியா உங்களுக்கு என்ன பார்வ?"ன்னு அன்னப்பழம் பொம்பளையாள்க பக்கத்துல இருந்து கேட்டா. ஊரே சிரிச்சுச்சு. சிரிச்சாலும் சட்டம் சட்டம்தான, எல்லாரும் எந்திரிச்சு வேதக்கனி வீட்டுக்குப் போனாங்க. மூலையில பாத்தா அடுப்பு இருக்கு.

"அண்ணாச்சி, மழைக்காலம், எரிக்கிற பனமட்டையெல்லாம் ஈரம். இப்பிடிக் குனிஞ்சு ஊதாட்டா எங்க அடுப்பு பத்தாது"ன்னு வேதக்கனி தலை தரையில முட்டக் குனிஞ்சு, பூ பூன்னு ஊதிக் காட்டினா. பொகை பூரா மூப்பரு கண்ணுல ஏறிச்சு. ஐயரு "முதல் ஓலை செல்லும்"னுட்டாரு, மூப்பரு கண்ணக் கசக்கிக்கிட்டே வீட்டுக்குப் போனாரு.

அப்புறம் ரெண்டாவது ஓலை வந்துச்சு. ஐயரு வாசிச்சாரு, மூப்பரு எந்திரிச்சாரு, இருமினாரு, "தடை இருக்கு"ன்னாரு.

"என்ன தடை மூப்பரே?"

"வீட்டுக்குப் பின்னால ஒரு கல்லு இருக்கு. காலையில அதுமேல சோறு படைச்சு, 'ராசாத்தி வா, ராசாத்தி வந்து தின்னு'ன்னு கூப்பிடுதா. காதால கேட்டேன்."

மறுபடியும் ஊரே போச்சு. கல்லு இருந்துச்சு, கல்லுமேல சோறும் இருந்துச்சு. "ராசாத்தி வா"ன்னு வேதக்கனி கூப்பிட்டா. நொண்டி நொண்டி ஒரு பெட்டைக்கோழி வந்துச்சு, மத்த கோழிக அதத் தின்ன விடாதுன்னு அவ கல்லுமேல தனியா வைக்காளாம். ராசாத்தி சோத்த விட்டுட்டு மூப்பரு கால் பெருவிரலப் போட்டு ஒரு கொத்து. "ரெண்டாம் ஓலையும் செல்லும்"னாரு ஐயரு. ஊரு சிரிச்சுச்சு, வேதக்கனி மட்டும் சிரிக்கல. ரெண்டு ஓலையில தடைங்கிற சொல்லு விழுந்தாச்சு, ரெண்டும் பொய்யாப் போனதால மாப்பிள்ளையோட அம்மா பொறுத்துக்கிட்டாலும் மூஞ்சி கோணிக்கிட்டே வருது, இன்னொரு தடவ வந்தா எம்மவ கதி என்னன்னு நெனைச்சுக்கிட்டே சிந்தின சோத்தப் பொறுக்கினா.

அப்புறம் மூணாவது ஓலை. அன்னைக்கு மழைன்னா மழை, கொட்டு கொட்டுன்னு கொட்டுது. மூப்பரு காலையிலேயே கொட்டானத் திறந்து, "இன்னைக்கு நீதான் பாத்துக்கிடணும்"னு சொல்லிட்டுத்தான் கோயிலுக்குக் கெளம்பினாரு. ஐயரு வாசிச்சாரு, மூப்பரு எந்திரிச்சாரு, இருமினாரு, "தடை இருக்கு"ன்னாரு.

இப்ப ஒருத்தரும் சிரிக்கல. மாப்பிள்ளையோட அம்மா சேலையை உதறிக்கிட்டு எந்திரிச்சிட்டா.

"நடுவீட்டுத் தூணுல ஏதோ தொங்குது. தெனமும் காலையில அதுல நெத்தியை வச்சுக்கிட்டு நிக்கா. இந்தத் தடவ அடுப்பும் இல்ல, கோழியும் இல்ல"ன்னாரு மூப்பரு.

நனைஞ்சுக்கிட்டே போனாங்க. தூணுல, பாளை சீவுற அருவாள வைக்கிற அருவாப்பெட்டி ஒண்ணு தொங்குது, அதோட மரமேறையில கால்ல மாட்டுற தளைநாரும் தொங்குது. செத்துப்போன புருசனோடது. பெட்டியில நெத்தி படுற எடம் மட்டும் வழுவழுன்னு தேஞ்சு கெடந்துச்சு.

"இது உண்மையா தாயி?"ன்னு ஐயரு கேட்டாரு.

"உண்மைதான் ஐயரே. காலையில இதுல நெத்தியச் சாச்சுக்கிட்டு நிப்பேன். அவிய வேர்வை மணம் இன்னும் இதுல இருக்கு. கொஞ்ச நேரம் அழுவேன், அப்புறம் வேலையப் பாக்கப் போவேன். நான் இதுகிட்ட ஒண்ணும் கேட்டதில்ல, கேக்குறத ஆண்டவர்கிட்டத்தான் கேக்கேன்." அப்பிடின்னு சொல்லிட்டு மகளத் திரும்பிப் பாத்தா. லேயாள் செவுத்தோரமா நின்னு அழுதுக்கிட்டு இருக்கா. வேதக்கனி எம்பி நின்னு பெட்டியையும் தளைநாரையும் கழட்டினா, கண்ணுல தண்ணி ஓடுது, ஐயரு கையில கொண்டுபோயி வச்சா. "ஆண்டவருக்கும் எனக்கும் நடுவுல இது நிக்குதுன்னா இப்பவே எரிச்சிருங்க. எம்மவ ஓலைய மட்டும் வாசிச்சிருங்க."

 ஐயரு அத வாங்கி, கொஞ்ச நேரம் கையில வச்சிருந்துட்டு, தானே எம்பிப் பழைய எடத்துல மாட்டினாரு. "விக்கிரகம் இம்புட்டு லேசாக் கைய விட்டு வராது தாயி"ன்னாரு.

மூப்பருக்கு அந்த வார்த்த எங்கயோ போயித் தச்சுது. அப்பவாவது வாய மூடிக்கிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்லா? போகல. "அப்போ இந்த ஊர்ல விக்கிரகமே கிடையாதுங்கியளா ஐயரே?"ன்னு கேட்டாரு.

"கிடையாதுன்னு யாரு சொன்னா?"ன்னு அன்னப்பழம் முன்னால வந்தா. "அது கெடக்கட்டும், எல்லாரும் தொப்பலா நனைஞ்சு நிக்கிய. எங்க வீடு பக்கந்தான், ஒரு வாய் சுக்குக் காப்பி குடிச்சிட்டுக் கோயிலுக்குப் போவோம், வாங்க." குளிருக்குக் காப்பின்னா யாரு வேண்டாம்பா? ஐயரு, மாப்பிள்ளையோட அம்மா, வேதக்கனி, ஊரு பூரா மூப்பரு வீட்டுக்கு வந்துருச்சு. அன்னப்பழம் பெரிய பானையில தண்ணிய வச்சா, சுக்கத் தட்டினா, மல்லியத் தட்டினா, மொளகத் தட்டினா. தட்டிட்டு நிமுந்து, "இஞ்சேருங்க, கருப்பட்டி வேணும்"னா.

"சமையக்கட்டுல இல்லையா?"

"வருசத்துக் கருப்பட்டியப் பூரா வண்டியேத்திச் சந்தைக்கு அனுப்பிட்டியள்லா. வீட்ல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அத எடுத்துட்டு வாங்க."

மூப்பருக்கு வேர்த்துச்சு. அந்த மழையில வேர்த்துச்சு. "அது பழசு"ன்னாரு.

"பழைய கருப்பட்டி மருந்துக்கு நல்லது."

"அது சின்னது."

"ஆளுக்கு ஒரு வாய் வந்தாப் போதும்."

"அது… அது இருக்கட்டும்டி."

"ஏன் இருக்கட்டும்? கருப்பட்டிதான? நீங்கதான வருசக்கணக்காச் சொல்லுதிய, அது வெறும் கருப்பட்டின்னு"ன்னு சொல்லிட்டு அன்னப்பழம் விறுவிறுன்னு உள்ளறைக்குப் போயி, மாடத்துல இருந்து கொட்டான எடுத்துட்டு வந்தா. செவப்புப் பட்டு எல்லார் கண்ணுலயும் பட்டுச்சு. மூப்பரு பாஞ்சு வந்து அவ கையில இருந்து புடுங்கி நெஞ்சோட அணைச்சுக்கிட்டாரு.

"தொடாத! வேற எது வேணாலும் எடுத்துக்கோ, மாட்ட வேணாலும் பிடிச்சுக் குடுத்துரு. இதத் தொடாத! இந்த வீடு, இந்த விளை, நாம திங்கிற சோறு, எல்லாம் இது குடுத்தது!"

சொல்லிட்டாரு. சொன்ன பெறகுதான் தான் என்ன சொன்னோம்னு அவரு காதுக்கே கேட்டுச்சு. அடுப்புல தண்ணி கொதிக்குது. ஐயரு மெதுவாச் சொன்னாரு, "மூப்பரே, கன்னுக்குட்டியச் சுத்தி நின்னு ஆடினவங்களும் இதேதான் சொன்னாங்க. நம்மள விடுதலையாக்கிக் கூட்டிட்டு வந்தது இதுதான்னு சொன்னாங்க."

 யாரும் கல்ல எடுக்கல, ஆனா மூப்பருக்கு ஊரு பூரா கையில கல்லோட நிக்கிறாப்ல இருந்துச்சு. அடுப்புக்கும் கோழிக்கும் அடுத்தவ வீட்டுக்கு ஆளக் கூட்டிட்டுப் போனோமேன்னு வெக்கமா வெக்கம், அப்பிடியே செம்மணலுக்குள்ள போயிரலாமான்னு இருந்துச்சு. சரி, குடுத்துருவோம்னு கைய விரிக்கப் பாக்காரு. விரல் விரிய மாட்டேங்குது. மறுபடியும் பாக்காரு, விரிய மாட்டேங்குது. வேதக்கனி தன் புருசன் வேர்வை மணத்தையே கழட்டிக் குடுத்தா, இவரால ஒரு கருப்பட்டியக் குடுக்க முடியல.

வேதக்கனிதான் பக்கத்துல வந்தா. மூணு வாரமாச் சேத்து வச்ச கோவம் அவகிட்ட இருந்திருக்கும், இருந்தும் ஏசல. "அண்ணாச்சி, குடுத்திருங்க. குடுக்குற வரைக்குந்தான் நோவு. இப்பதான நான் குடுத்துப் பாத்துட்டு வாரேன்"னா.

மூப்பரு அழுதுட்டாரு. மீசையெல்லாம் நனைய அழுதாரு. அப்புறம் தானே போயி பட்டுத் துணியப் பிரிச்சு, கருப்பட்டிய எடுத்து உரல்ல போட்டு, உலக்கைய எடுத்து, கண்ண மூடிக்கிட்டு ஒரு போடு போட்டாரு.

என்ன வந்துச்சு சொல்லு பாப்போம்? எறும்பு! மேல மினுமினுன்னு ஒரு ஓடு, அம்புட்டுத்தான், உள்ள பூராவும் எறும்புப் புத்து. அடியில ஓட்டை போட்டு வருசக்கணக்கா உக்காந்து தின்னுக்கிட்டு இருந்திருக்கு, மூப்பரு மொகம் தெரியுற பக்கத்த மட்டுமே பாத்துக்கிட்டு இருந்ததால அடிப்பக்கத்தத் திருப்பியே பாக்கல. இத்தன நாளா கண்ணுல ஒத்தி, காவல் இருந்து, "நீதான் பாத்துக்கிடணும்"னு சொன்னது எறும்புகிட்ட! உரல்ல இருந்து ஏறி அவரு கையில ஒரு கடி, காதுல ஒரு கடி, மேலுதட்டுல நல்லா ஒரு கடி.

"போதும் மூப்பரே, விடுங்க"ன்னாரு ஐயரு.

"எப்பிடி விட முடியும்?"னா அன்னப்பழம். "எரிச்சுப் பொடிச்சுக் குடிக்கணும்னு சட்டம் யாரு போட்டது?"

"மூப்பரு!"ன்னுச்சு ஊரு.

மூப்பரு மிஞ்சின கருப்பட்டி ஓட்ட எடுத்துத் தணல்ல போட்டாரு. அடுப்பு அணையப் பாக்குது, மட்டை ஈரம். "ஊதுங்க"ன்னா அன்னப்பழம். மூப்பரு முழங்கால் போட்டு, குனிஞ்சு, தலை தரையில முட்ட, பூ பூன்னு ஊதினாரு. வேதக்கனிக்கு அடக்க முடியல, மூணு வாரத்துல அன்னைக்குத்தான் சிரிச்சா. "ஐயரே, அண்ணாச்சி மூலையப் பாத்துக் கும்பிடுதாவ, நான் கண்ணால பாத்தேன்!"னா. வீடே குலுங்கிச் சிரிச்சுச்சு, ஊதிக்கிட்டே மூப்பரும் சிரிச்சுட்டாரு.

கருகினத எடுத்துப் பொடிச்சு, தண்ணியில கலந்து, ஒரு டம்ளர் நெறைய ஒரே மூச்சாக் குடிச்சாரு.

"எப்பிடி இருக்கு உங்க ராசி?"ன்னு கேட்டா அன்னப்பழம்.

"கசக்குது"ன்னாரு மூப்பரு.

மத்தவங்களுக்குக் காப்பி? வேதக்கனி மழையில ஓடிப்போயி, மக கலியாணத்துக்குன்னு எடுத்து வச்சிருந்த கருப்பட்டிய மடியில கட்டிக் கொண்டுவந்து பானையில போட்டா. அந்தக் காப்பிய மாப்பிள்ளையோட அம்மா ஒரு வாய் குடிச்சா, இன்னொரு வாய் குடிச்சா, "கையில இருக்கத இப்பிடி எடுத்துக் குடுக்குற வீட்ல பொண்ணெடுக்கக் கசக்குமா?"ன்னு டம்ளரத் திரும்பவும் நீட்டினா.

அப்புறம் எல்லாரும் கோயிலுக்குத் திரும்பிப் போனாங்க. ஐயரு விட்ட எடத்துல இருந்து வாசிச்சாரு, "தடை உண்டானால் அறிவிக்க வேண்டும்"னாரு. மூப்பரு எந்திரிச்சாரு. இருமினாரு. வேதக்கனி மக கையப் பிடிச்சுக்கிட்டா. வீங்கின உதட்ட வச்சுக்கிட்டு மூப்பரு சொன்னாரு, "தடை எங்கிட்டதான் இருந்துச்சு ஐயரே. இப்ப இல்ல. வாசிங்க." சொல்லிட்டு முத வரிசைக்குப் போகாம கடைசியில தரையில உக்காந்தாரு. ஜெபம் நடந்துச்சு. அன்னைக்கு யாரு யாரு கண்ணத் திறந்திருந்தாங்கன்னு மூப்பருக்குத் தெரியவே தெரியாது.

லேயாளுக்கும் எலியேசருக்கும் கலியாணம் நல்லபடியா முடிஞ்சுச்சு, பந்திக்கு அடுப்பூதினது மூப்பருதான். அடுத்த பங்குனியில பதனி எறங்கி, அன்னப்பழம் காய்ச்சி ஊத்தினா, மூப்பரு முதச் சிரட்டையத் தட்டினாரு. மொகம் தெரியுதா தெரியலையான்னு பாக்கல, சூட்டோட சூடாத் துண்டுல ஏந்திக்கிட்டு, கை பொள்ளப் பொள்ளக் கோயிலுக்கு ஓடினாரு. அந்த ஓலைக் கொட்டான்ல இப்ப ராசாத்தி முட்டை இருக்கு, வேதக்கனி குடுத்து விட்டது. காலையில எந்திரிச்சதும் ஜெபம் பண்ணிட்டு, அன்னப்பழம் மொகத்த நல்லாப் பாத்து, "வாரேன்"னு சொல்லிட்டுத்தான் மூப்பரு விளைக்குப் போவாரு. அன்னப்பழத்துக்கு அதுல ரொம்பப் பெருமை, வெளியில காட்டிக்க மாட்டா.

அதனால கேட்டுக்கோ, கல்லும் மரமும் மட்டும் விக்கிரகம் இல்ல. ஆண்டவரு கேட்டாலும் குடுக்க மாட்டேன்னு உன் கை எத இறுக்கிப் பிடிக்குதோ, அதுதான் விக்கிரகம். அத அடுத்தவன் வீட்ல தேடாத, உன் கொட்டானத் திருப்பி அடியில பாரு. டம்ளரக் கழுவிக் கவுத்தியாச்சு, அடுப்புல தண்ணி தெளிச்சாச்சு, யோர்தான்விளைக்காரங்க படுத்தாச்சு. நீயும் அந்த மிட்டாய் டப்பாவை நெஞ்சுல இருந்து எடுத்துத் தங்கச்சிக்கு ஒண்ணு குடுத்துட்டுத் தூங்கு.